கன்சைன்மென்ட் கடையில் குதிரைச் சேணம்: விலைச்சீட்டில் இருப்பதும் கைக்கு வருவதும்

கடையில் ஒரு சேணத்துக்கு 1,500 டாலர் என்று விலைச்சீட்டு மாட்டுகிறார்கள். கடையின் கமிஷன் 30 சதவீதம். முதல் மாதத்திலேயே விற்றுப்போனால் உங்களுக்கு 1,050 டாலர். 30 நாளில் போகாமல், ஒப்பந்தப்படி விலை 10 சதவீதம் இறங்கினால் சீட்டு 1,350 ஆகும்; உங்களுக்கு 945. இன்னொரு மாதம் கழித்து மறுபடி 10 சதவீதம் இறங்கினால் 1,215. உங்களுக்கு 850 டாலர் 50 சென்ட். கடைக்கு அனுப்பிய கூரியர் செலவை இதில் இன்னும் கழிக்கவில்லை. இந்த 200 டாலர் வித்தியாசத்துக்குக் கடைக்காரரின் சாமர்த்தியத்தைவிடப் பெரிய காரணம், சேணம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நீங்கள் செய்த வேலையும் செய்யாமல் விட்ட வேலையும்தான்.

வர்ஜீனியாவின் மிடில்பர்க், கென்டக்கியின் லெக்சிங்டன், ஃப்ளோரிடாவின் ஒக்காலா, சவுத் கரோலினாவின் எய்கன் என்று குதிரை வளர்ப்பு மிகுந்த அமெரிக்க ஊர்களில் குதிரைச் சாமான் கடைகள் உண்டு. அவற்றில் பல, பழைய சேணத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. உங்களிடமிருந்து வாங்கி வைத்து, விற்றுக் கொடுத்து, கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகின்றன. கன்சைன்மென்ட் என்பது இதுதான். கமிஷன் பொதுவாக 20 முதல் 40 சதவீதம் வரை. விலை கூடக் கூடச் சில கடைகளில் சதவீதம் குறையும். ஈபேயில் நீங்களே விற்றால் தளக் கட்டணம் 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அப்படியிருக்க எதற்கு 30 சதவீதம் கொடுக்க வேண்டும்?

கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சேணம் வாங்குகிறவர் இரண்டு உடம்புக்குப் பொருத்தம் பார்க்கிறார்: தன் உடம்புக்கும் குதிரையின் முதுகுக்கும். போட்டு ஏறிப் பார்க்காமல் விவரம் தெரிந்த எவரும் ஆயிரம் டாலர் தரமாட்டார். ஆகவே சில நாள் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி, அதாவது ட்ரையல், வேண்டும். அறிமுகமில்லாத ஒருவருக்கு நீங்கள் ட்ரையல் கொடுப்பது ஆபத்து. கடை கொடுத்தால் அட்டையில் முழுத்தொகையும் பிடித்து வைத்துக்கொண்டு கொடுக்கும். கமிஷனில் பெரும்பங்கு இந்த ஒரு வசதிக்கான விலை என்றே நான் நினைக்கிறேன். எனவே ட்ரையல் கொடுக்காத கடைக்கு 30 சதவீதம் கொடுக்க வேண்டாம்.

மகளுக்கு ரைடிங் வகுப்புக்காக வாங்கிய 15 இஞ்ச் சேணம் இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடும். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவும் முதல்முதலில் இந்தக் கடைகளுக்குள் நுழைவது அப்போதுதான். அவர்களுக்கு முதலிலேயே ஒன்று: 300, 400 டாலருக்குக் கீழே போகும் சேணத்தைக் கன்சைன்மென்ட்டுக்குக் கூரியரில் அனுப்பாதீர்கள். கமிஷனும் கூரியரும் போக மிஞ்சுவது சொற்பம். மகள் பயிலும் லாயத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். அடுத்த குழந்தை அங்கேயே இருக்கும்.

முதலில் ட்ரீ

சேணத்தின் தோலுக்குள் இருக்கும் எலும்புக்கூட்டுக்கு ட்ரீ என்று பெயர். ஆங்கிலச் சேணத்தில், அதாவது முன்னால் கொம்பு இல்லாத வகையில், பெரும்பாலும் அடுக்கி ஒட்டிய பீச் மரத்தில் எஃகுத் தகடு வைத்துச் செய்தது, அல்லது வார்ப்புப் பிளாஸ்டிக். அது உடைந்திருந்தால் வேறெதைப் பற்றிப் பேசியும் பயனில்லை. உடைந்த ட்ரீயோடு ஓட்டினால் மனிதரின் எடை பரவலாக விழாமல் குதிரையின் முதுகில் ஓரிரு இடத்தில் மட்டும் குத்தும். குதிரை வலியைச் சொல்லத் தெரியாமல் முதுகைத் தாழ்த்தும், உதைக்கும், பிறகு கெட்ட குதிரை என்று பெயர் வாங்கும். இதைத் தெரிந்தே மறைத்து விற்பதைப் பணத்தகராறு என்று நான் ஒதுக்க மாட்டேன். அது ஒரு விலங்குக்குச் செய்யும் கொடுமை.

பார்க்கும் முறை இது. சேணத்தின் முன்மேட்டை வயிற்றில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, பின்மேட்டை இரண்டு கையாலும் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். எஃகுத் தகடு வைத்த ஸ்பிரிங் ட்ரீ என்றால் இருக்கைப் பகுதி சற்று வளையும். விட்டதும் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும். அந்த வளைவு இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். இருக்கையின் குறுக்கே ஒரே இடத்தில் கூர்மையான மடிப்பு விழுந்தாலும், கரகரவென்றோ கிளிக் என்றோ சத்தம் கேட்டாலும் சந்தேகம். அடுத்து, முன்மேட்டுக்குக் கீழே இருபுறமும் இறங்கும் ட்ரீயின் முனைகளைப் பிடித்து உள்ளே அமுக்கியும் வெளியே இழுத்தும் பாருங்கள். முன்வளைவு துளியும் அசையக்கூடாது. அசைந்தால் முன்வளைவை இறுக்கிப் பிடிக்கும் தலைத்தகடு போய்விட்டது. கடைசியாகச் சேணத்தை ஸ்டாண்டில் வைத்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். பின்மேட்டின் நடுவும் முன்மேட்டின் நடுவும் ஒரே கோட்டில் விழ வேண்டும். இடப்பக்கம் முறுக்கியிருப்பது அடிக்கடி காணும் குறை. ஏறுமேடை இல்லாமல் தரையிலிருந்தே இடது அங்கவடியில் கால் வைத்து வருடக்கணக்கில் ஏறினால் அப்படி ஆகும்.

முன்னால் கொம்பு வைத்த கௌபாய் வகையான வெஸ்டர்ன் சேணத்தில் ட்ரீ வளையவே கூடாது. கொம்பை ஒரு கையாலும் பின்மேட்டை மறு கையாலும் பிடித்து அழுத்தினால் எங்கும் இளக்கம் தெரியக்கூடாது. கொம்பு தனியாக ஆடினாலும் சேதம்தான்.

சந்தேகம் இருந்தால் சேணம் தைப்பவரிடம் காட்டுங்கள். ட்ரீ உடைந்தது உறுதியானால், பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் சேணத்தின் மறுவிற்பனை விலையையே விழுங்கிவிடும். அதை ஏறுவதற்கான சேணமாக விற்காதீர்கள். தோலுக்காகவும் உதிரிப் பாகங்களுக்காகவும் என்று எழுதிக் கொடுங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள்.

ட்ரீ சரி என்றால் பில்லெட் வார்கள். வயிற்றுப்பட்டையின் கொக்கியை மாட்டும் வார்கள் இவை. பக்கத்துக்கு மூன்று இருப்பது வழக்கம். துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீண்டு முட்டை வடிவம் ஆகிவிட்டனவா என்று பாருங்கள். வாரை விரலைச் சுற்றி வளைத்தால் மேற்பரப்பில் வெடிப்பு தெரிகிறதா? மேலே துணிப்பட்டையோடு தைத்த இடத்தில் நூல் பிய்ந்திருக்கிறதா? இழுத்துக் கட்டுவது பெரும்பாலும் இடப்பக்கத்தில் என்பதால் இடது வார்கள் முதலில் நீளும். ஓட்டத்தின் நடுவில் பில்லெட் அறுந்தால் மேலே இருப்பவர் சேணத்தோடு சரிந்து விழுவார். ஆகவே வெடித்த பில்லெட்டை மாற்றாமல் கடைக்குக் கொடுக்காதீர்கள்.

குதிரையின் முதுகில் படும் அடிமெத்தைக்குப் பேனல் என்று பெயர். அதற்குள் அடைத்த கம்பளி கட்டிபிடித்திருந்தால் என்ன செய்வது? இதற்கு என் பதில் நேர் எதிர். அதில் காசு போடாதீர்கள். வாங்குபவர் தன் குதிரைக்கு ஏற்றபடி எப்படியும் கம்பளியைத் திருத்தி அடைக்கச் சொல்வார். நீங்கள் அடைத்தது யாருக்கும் பயன்படாது, விலையிலும் திரும்பி வராது. கட்டி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். பேனலில் இருப்பது ஃபோம் என்றால் கதை வேறு. பழைய ஃபோம் இறுகி, அமுக்கினால் எழும்பாமல் கிடக்கும். அதைத் திருத்தி அடைக்க முடியாது, பேனலையே மாற்ற வேண்டும். ஆகவே விலையைத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும்.

முத்திரையும் அளவும்

கடை உங்களிடம் கேட்கப்போகும் முதல் விவரம் பிராண்டு, மாடல், இருக்கை அளவு, ட்ரீ அகலம். ஃபிளாப்பை, அதாவது பக்கவாட்டில் தொங்கும் தோல் மடலைத் தூக்கினால் பில்லெட் பக்கத்திலோ, அங்கவடி வார் மாட்டும் கம்பியை மூடிய சிறு மடலின் அடியிலோ முத்திரை இருக்கும். பிரெஞ்சுச் சேணங்களில் இருக்கை, ஃபிளாப் அளவு, செய்த வருடம் எல்லாம் ஒரே வரிசையில் குறியீடாக அடிக்கப்பட்டிருக்கும். எதையும் விளங்கிக்கொள்ள முயலாமல் வரிசையை அப்படியே படமெடுத்து அனுப்புங்கள். கடைக்காரருக்குப் படிக்கத் தெரியும். ஸ்டூபன் சேணமென்றால் முன்மேட்டின் பக்கவாட்டுக் குமிழிலேயே சீக்ஃப்ரீட் போன்ற மாடல் பெயர் பொறித்திருக்கும். 29, 30, 31 என்ற எண்கள் சென்டிமீட்டரில் ட்ரீ அகலம். விண்டெக், பேட்ஸ் சேணங்களில் முன்தகட்டைக் கழற்றி மாற்றலாம். நிறமே அளவைச் சொல்லும். மஞ்சள் குறுகல், பச்சை நடுத்தரக் குறுகல், கறுப்பு நடுத்தரம், நீலம் நடுத்தர அகலம், சிவப்பு அகலம், வெள்ளை மிக அகலம். இப்போது உள்ளே எந்த நிறம் இருக்கிறது என்று கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். மீதித் தகடுகள் உங்களிடம் இருந்தால் சேணத்தோடேயே கொடுத்துவிடுங்கள். அவை சேணத்தை விற்க வைக்கும்.

முத்திரை தேய்ந்திருந்தால் அளக்க வேண்டும். ஆங்கிலச் சேணத்தின் இருக்கையை முன்மேட்டின் ஒரு பக்கக் குமிழிலிருந்து பின்மேட்டின் நடு மேல்விளிம்பு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். டேப்பை இருக்கையின் பள்ளத்தோடு படுக்கவிட்டு அளந்தால் அளவு கூடிவிடும், ட்ரையலுக்குப் போனது திரும்பி வரும். வெஸ்டர்னில் கொம்புக்குக் கீழே எழும்பும் முன்பகுதியின் அடியிலிருந்து பின்மேட்டின் மேல் விளிம்பு வரை. இரண்டும் ஒரே அளவல்ல. வெஸ்டர்ன் 15 இஞ்ச் ஏறத்தாழ ஆங்கிலச் சேணத்தின் 17க்கு ஈடு. ஃபிளாப்பின் நீளத்தை அங்கவடிக் கம்பியிலிருந்து கீழ் விளிம்பு வரை எடுத்து எழுதுங்கள். நெட்டைக் கால்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். சேணத்தைக் கவிழ்த்து இரு பேனல்களுக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலின் அகலத்தையும் முன், நடு, பின் என மூன்று இடத்தில் எடுங்கள். குதிரையின் முதுகெலும்பு அந்த இடைவெளியில்தான் இருக்கும். பின்னால் போகப்போக நெருங்கிவிடும் பழைய வடிவங்களை இன்று பலரும் மறுத்துவிடுகிறார்கள்.

ட்ரீ அகலத்துக்குக் குறுகல், நடுத்தரம், அகலம் என்ற சொற்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் நடுத்தரம் இன்னொன்றின் குறுகலாக இருக்கும். முன்வளைவை நேர் எதிரே நின்று எடுத்த படம் ஒன்று ஆயிரம் சொல்லும்.

படங்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில், நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். இருபக்கம், மேலிருந்து, முன், பின், அடிப்பேனல், பில்லெட், முத்திரை, பிறகு ஒவ்வொரு குறையும் பக்கத்தில் ஒரு நாணயத்தோடு. மெல்லிய கன்றுத்தோல் போர்த்திய பிரெஞ்சுச் சேணங்களில் முழங்கால் படும் இடத்திலும், அங்கவடி வாரின் கொக்கி உரசும் இடத்திலும் தோல் தாள்போலத் தேய்ந்து உள் அடுக்கு எட்டிப் பார்க்கும். அதை மறைத்த கோணத்தில் எடுத்தால் சேணம் கடையில் வந்து இறங்கிய அன்றே விலை வெட்டப்படும்.

சுத்தம் செய்வதில் அடக்கம் வேண்டும்

அழுக்குச் சேணத்தைச் சில கடைகள் வாங்காது; சில, சுத்தம் செய்த கூலியைக் கழித்துக்கொள்ளும். ஆனால் பாதிச் சேதம் நடப்பதும் விற்பதற்கு முந்தின நாள் சுத்தம் செய்யும்போதுதான்.

கிளிசரின் சேணச் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்ச். சோப்பு நுரைத்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து தார்போல் கறுத்துக் கட்டியாக ஒட்டியிருக்கும் இடங்களை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள். பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் போதும். தையல் வரிசைக்குள் பல்குச்சி. எல்லாம் முடிந்ததும் நிழலில், காற்றோட்டத்தில் ஒரு முழு நாள். வெயிலிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைத்தால் தோல் விறைக்கும். காய்ந்தபின் தோல் கண்டிஷனரை மிக மெல்லிசாக, ஒரே ஒரு தடவை.

தோலுக்குப் பூசும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைக் கையில் எடுக்காதீர்கள். ஊறக் குடித்த தோல் கறுத்து, தொளதொளத்து, தையல் நூலையும் நாளடைவில் கெடுக்கும். வாங்குபவரின் வெளிர்நிறக் கால்சட்டையில் கறை பிடிக்கும். பில்லெட்டுக்கு எண்ணெயே கூடாது, நீண்டுவிடும். நிறம் மங்கியது என்று சாயம் அடிப்பது இதைவிட மோசம். அனுபவமுள்ள கடைக்காரர் வெள்ளைத் துணியை ஈரப்படுத்தி ஒரு தேய்ப்புத் தேய்த்தால் தெரிந்துவிடும். சாயம் அடித்தது என்று தெரிந்த சேணத்தின் மற்ற விவரங்களையும் அவர் நம்பமாட்டார்.

பூசணம் பிடித்திருந்தால் சேணத்தை வெளியே கொண்டுபோய், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, பிறகு சோப்பு. பேனலின் உள்ளே இறங்கிய வாடை போகாது. பூசண வாடை அடிக்கும் சேணத்தைக் கடைகள் மற்ற சரக்கோடு ஒரே அறையில் வைக்க அஞ்சும். அந்த அச்சம் நியாயமானது.

பின்மேட்டில் பெயர்த்தகடு இருந்தால் கழற்றலாம், இரண்டு சின்ன ஆணித்துளை இருக்கும், அவ்வளவுதான். அங்கவடியையும் வாரையும் கழற்றித் தனியாகக் கொடுங்கள். சேணத்தோடு சேர்த்தால் சேணத்தின் விலை ஏறாது. தனியாக அவற்றுக்கென்று ஒரு விலை கிடைக்கும். பழைய ஹெல்மெட்டை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள். ஒருமுறை அடிபட்டது வெளியில் தெரியாது, அடுத்த அடியைத் தாங்காது.

எது ஓடும், எது தூங்கும்

17.5, 18 இஞ்ச் இருக்கை, அகலமான ட்ரீ, வாய்க்கால் அகலம், கறுப்பில் டிரெசாஜ் (நடைப் பயிற்சிப் போட்டி) சேணம், பழுப்பில் ஜம்பிங் சேணம்: இவை ஓடும், அதாவது சீக்கிரம் விற்கும். 1970, 80களில் ஒல்லியான தரோபிரெட் இனப் பந்தயக் குதிரைகளுக்காகச் செய்த தட்டையான, குறுகலான சேணங்கள் எவ்வளவு அருமையான இங்கிலாந்துத் தோலாக இருந்தாலும் தூங்கும். இன்று மக்கள் ஏறும் வார்ம்பிளட் குதிரைகளின் தோள் அகலம் வேறு. இங்கிலாந்தில் சேணத்தொழிலுக்குப் பெயர்பெற்ற வால்சால் நகரின் பழைய கைவேலையை இப்படிச் சில நூறு டாலருக்குப் பார்ப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரையின் முதுகில் உட்காராத சேணத்தின் கைவேலைக்கு யாரும் விலை தரமாட்டார்கள்.

முத்திரை எதுவும் இல்லாத, இந்தியாவில் செய்த மலிவுச் சேணங்களைப் பல கடைகள் வாங்குவதே இல்லை. கான்பூர் சேணத்தொழிலுக்குப் புவிசார் குறியீடே உண்டு, அங்கே நல்ல கைவேலைக்காரர்களும் உண்டு. ஆனால் அமெரிக்கச் சந்தைக்கு வந்து குவிந்தது பெரும்பாலும் ஆகக் குறைந்த விலைக்கு ஆர்டர் கொடுத்துச் செய்வித்த சரக்கு. ட்ரீ சமச்சீராக இல்லாதவை அதில் நிறைய. பெயர் கெட்டது அதனால்.

விலை வைக்க, அதே மாடல், அதே இருக்கை, ஏறத்தாழ அதே வயது உள்ளவை எவ்வளவுக்கு விற்றுமுடிந்தன என்று பாருங்கள். ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும் விலை பயன்படாது. விற்காததால்தானே அது இன்னும் பட்டியலில் இருக்கிறது. பெயர் பெற்ற பிராண்டு, நல்ல நிலை, ஐந்து வருடத்துக்குள் என்றால் புது விலையில் பாதியை ஒட்டி எதிர்பார்க்கலாம். சிடபிள்யூடி, ஆன்ட்டரேஸ் போன்ற பிரெஞ்சுச் சேணங்கள் புதிதாக 6,000 டாலரைத் தாண்டும். அவற்றைப் பழையதில் தேடுபவர்கள் ஏராளம். உங்களுக்காகவே அளவெடுத்து விநோதமான ஃபிளாப்போடு செய்வித்தது என்றால் அந்தத் தேவை மிகவும் சுருங்கும்.

கேட்கும் விலையைத் தூக்கி வைத்து, இறங்கும்போது பார்க்கலாம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. புதுச் சரக்குக்காகக் காத்திருப்பவர்கள் கடையின் பட்டியலை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவார்கள். அவர்கள் தாண்டிப்போனபின் நீங்கள் எவ்வளவு இறக்கினாலும் அந்தக் கண்கள் திரும்பி வருவது கடினம். காலமும் முக்கியம். வடக்கு மாநிலங்களில் பனி விலகி ஷோக்கள் தொடங்கும் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை நல்ல காலம். ஃப்ளோரிடாவில் வெலிங்டன், ஒக்காலா குளிர்காலப் போட்டிகள் நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை.

தாளில் என்ன எழுதியிருக்கிறது

கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். கமிஷன் எவ்வளவு. விலையைக் குறைக்கும் அதிகாரம் யாருக்கு, உங்களைக் கேட்காமல் எதுவரை குறைக்கலாம். இந்த அடிவிலையைத் தாளில் எண்ணாக எழுதாமல் வராதீர்கள். எத்தனை நாள் ஒப்பந்தம். 60, 90 நாள் சாதாரணம். முடிந்தபின் எத்தனை நாளுக்குள் எடுக்காவிட்டால் சேணம் கடைக்கே சொந்தமாகிவிடும்? இந்த வரி பல ஒப்பந்தங்களில் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும். நாள்காட்டியில் குறித்து வையுங்கள். விற்றால் பணம் எப்போது வரும், காசோலையா, அதே கடையில் பொருளாக வாங்கிக்கொள்ளும் வரவா? வரவாக எடுத்தால் கமிஷன் குறைக்கும் கடைகள் உண்டு. குழந்தைக்கு அடுத்த அளவு சேணம் அதே கடையில் வாங்கப்போகிறவர்களுக்கு அதுவே மேல்.

தீ, திருட்டு, வெள்ளம் வந்தால் உங்கள் சேணத்துக்குக் கடையின் இன்சூரன்ஸ் பொறுப்பா என்பதையும் கேளுங்கள். பிறர் பொருளைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதற்கான காப்பீடு தனியாக எடுக்க வேண்டியது. எடுக்காத சின்னக் கடைகள் உண்டு. கடை திவாலானால் என்ன ஆகும் என்பதும் கற்பனையான கேள்வி அல்ல. அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் 9ஆம் பிரிவு, ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பொருளை விற்கக் கொடுப்பதைத் தன் கன்சைன்மென்ட் வரையறைக்கு வெளியே விட்டுவிடுகிறது. பிறகு அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அப்போது உங்கள் பக்கம் பேசப்போவது, விற்கும்வரை உரிமை உங்களுடையது என்று எழுதி, சீரியல் எண்ணும் குறைகளும் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட தாள். சீரியல் எண்ணின் படம் திருட்டுப் புகாருக்கும் உதவும்.

ஒப்பந்தக் காலத்தில் நீங்கள் வேறு இடத்தில் அதே சேணத்தை விளம்பரம் செய்யக்கூடாது என்பது பொது வழக்கம். அது நியாயம்தான்.

ட்ரையல் சாப்பிடும் நாட்கள்

5 முதல் 7 நாள் ட்ரையல் என்பார்கள். கூரியரில் போக நாலு நாள், அங்கே ஒரு வாரம், திரும்பி வர நாலு நாள். மொத்தத்தில் இரண்டு வாரம் சேணம் கடையில் இருக்காது. இரண்டு முறை அப்படிப் போய் வந்தால் ஒரு மாதம் தீர்ந்தது. இதற்கிடையில் 30 நாள் கெடு வந்து விலை தானாக 10 சதவீதம் இறங்கியிருக்கும். ட்ரையலில் இருக்கும் நாட்களை விலைக்குறைப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்டால் பல கடைகள் ஒத்துக்கொள்ளும், கேட்காதவருக்கு யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

ட்ரையலில் வேறொரு ஆபத்தும் உண்டு: தழும்பு. அங்கவடி வார் புதுத்தோலில் ஒரே ஒரு மணி நேரம் உரசினாலே ஃபிளாப்பில் கோடு விழும். ஒழுங்கான கடை, வாருக்குத் துணியுறை போட்டு, சுத்தமான மெல்லிய பருத்திப் பேடு வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று நிபந்தனை போடும். திரும்பி வந்ததும் கடை சோதிக்கிறதா, புதுத் தழும்புக்கு யார் பணம் தருவது? இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் கடையைத் தேர்ந்தெடுங்கள். பொருத்தம் பார்க்கத் தெரிந்த ஆள் கடையில் இருந்தால் இன்னும் நல்லது. வாங்க வருபவரின் குதிரை முதுகுப் படத்தைப் பார்த்து, இது உங்கள் குதிரைக்கு ஆகாது என்று அனுப்பும் முன்பே சொல்லிவிடுவார். வீண் ட்ரையல் குறையும், தெரியாத ஒரு குதிரையின் முதுகும் தப்பும்.

பெட்டி

கூரியர் கம்பெனிகள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கும். நீளம், அகலம், உயரத்தை இஞ்சில் பெருக்கி, பெரும்பாலும் 139ஆல் வகுத்து வருவது கணக்கு எடை. 24, 18, 18 இஞ்ச் பெட்டி என்றால் 7,776. வகுத்தால் 56 பவுண்டு. உள்ளே இருக்கும் ஆங்கிலச் சேணம் 15 பவுண்டுதான் இருக்கும், ஆனால் காசு 56க்கு. உயரத்தை 14 இஞ்சாகக் குறைத்தால் 44 பவுண்டுக்கு இறங்கும். வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், கேட்டுப் பாருங்கள். ஆகவே முதலில் சேணத்தை அளந்து, பிறகு பெட்டி தேடுங்கள். 30, 40 பவுண்டு எடையும் பக்கவாட்டில் விரியும் பெரிய தோலும் உள்ள வெஸ்டர்ன் சேணத்தைக் காரில் போய்க் கொடுக்கும் தூரத்தில் கடை பார்ப்பதுதான் லாபம்.

சேணத்தைப் பழைய பருத்தி விரிப்பில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் நேரடியாகத் தோலில் பட்டால் ஈரம் அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். அடியில் வாய்க்கால் நெடுக ஒரு துண்டுச் சுருளை வையுங்கள், பேனல்கள் நசுங்காது. முன்மேட்டுக்கும் பின்மேட்டுக்கும் குமிழி உறை இரண்டு சுற்று. பெட்டி கீழே விழுந்தால் அடிபடுவதும் ட்ரீ உடைவதும் அங்கேதான். ஃபிளாப்பை மடக்காதீர்கள், இயல்பாகத் தொங்கவிட்டு நடுவே காகிதம் திணியுங்கள். இரும்பு அங்கவடி அதே பெட்டியில் போவதென்றால் தனித் துணிப்பையில் கட்டி, அசையாமல் ஒரு மூலையில். மூடிய பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக்கூடாது. அனுப்பும்போது முழு மதிப்பையும் அறிவித்துக் காப்பீடு எடுங்கள். சொல்லாமல் விட்டால் 100 டாலரோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடும். கட்டும் ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். பெட்டிக்குள்ளேயும் ஒரு தாளில் உங்கள் பெயர், தொலைபேசி, சேண விவரம்; வெளிச்சீட்டு கிழிந்துபோவது உண்டு.

90 நாள் கழித்தும் போகவில்லை என்றால், முதலில் எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை ட்ரையல் போனது என்று கடையைக் கேளுங்கள். விசாரணையே இல்லை என்றால் விலை அதிகம். ட்ரையல் போய்ப் போய்த் திரும்பி வந்தது என்றால் விலை சரி, விவரத்தில் பிழை; பெரும்பாலும் ட்ரீ அகலம் தவறாக எழுதப்பட்டிருக்கும். ட்ரையல் எடுத்தவர்கள் சொன்ன காரணத்தைக் கடையிடம் கேட்டுத் திருத்தி, இன்னொரு 60 நாள் கொடுங்கள். விலையையும் விவரத்தையும் திருத்தியும் போகவில்லை, திருப்பி வரவழைக்கும் கூரியர் செலவுக்கும் சேணம் தேறாது என்றால், உடற்குறையுள்ள குழந்தைகளுக்குக் குதிரையேற்றச் சிகிச்சை தரும் லாப நோக்கற்ற மையம் ஒன்றைக் கடை இருக்கும் ஊரிலேயே தேடிக் கொடுத்துவிடலாம். ட்ரீ முழுசாக இருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். 250 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்பு என்றால் வரிக்கழிவுக்கு அவர்களிடம் எழுத்தில் ரசீது வேண்டும். பணமல்லாத நன்கொடைகள் வருடத்தில் மொத்தம் 500 டாலரைத் தாண்டினால் வரித்தாக்கலோடு 8283 படிவம் சேர்க்க வேண்டும். அதில் எழுதும் மதிப்பு, அதே மாதிரிச் சேணம் அந்த நாளில் எவ்வளவுக்கு விற்குமோ அதுதான், நீங்கள் ஆரம்பத்தில் கேட்ட விலை அல்ல.